புது எஞ்சினும் பழைய சாலையும்

புதுக் கார் வாங்கியவருக்கு அறிவுரை சொல்ல ஆள் பஞ்சம் வந்ததே இல்லை. ‘ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் அறுபதைத் தாண்டாதீங்க, எஞ்சின் டைட்டா இருக்கும், மெதுவா ஃப்ரீ ஆகட்டும்’ என்பது அவற்றில் தலையாயது. சொல்பவர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம், ஷோரூமில் சாவியை நீட்டும் இளைஞராகவும் இருக்கலாம். ஐம்பதா அறுபதா எண்பதா என்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். இந்த அறிவுரை பொய்யில்லை. ஆனால் அது பிறந்த காலத்து எஞ்சின் போய்விட்டது, அந்தக் காலத்துச் சாலையும் போய்விட்டது. எஞ்சின் மாறியதை எல்லோரும் பேசுகிறார்கள். சாலை மாறியதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. புது எஞ்சினைப் பழக்கும் ‘ரன்னிங்-இன்’ விஷயத்தில் இன்று நடக்கும் பிசகு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

அறுபதைத் தாண்டாதே என்பதற்கு ஒரு காலத்தில் வலுவான காரணம் இருந்தது. உத்தரப்பாராவில் அம்பாசடரும் குர்லாவில் பத்மினியும் வெளிவந்த நாட்களில், சிலிண்டரைக் கடையும் துல்லியம் இன்றைய அளவுக்கு இல்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் உள்ள இடைவெளி எஞ்சினுக்கு எஞ்சின் கொஞ்சம் வேறுபடும். இறுக்கமாக அமைந்துவிட்ட எஞ்சினை விரட்டினால் பிஸ்டன் சூட்டில் விரிந்து சுவரைக் கவ்வும். ‘சீஸ்’ ஆகிவிட்டது என்று மெக்கானிக் கையை விரிப்பார். வார்ப்பு மணலும் இரும்புத் துகளும் எண்ணெயில் கலந்து வருவதால்தான் 500 கிலோமீட்டரிலேயே ஆயிலை மாற்றச் சொன்னார்கள். பிரிட்டனில் புதுக் காரின் பின்கண்ணாடியில் ‘ரன்னிங் இன், ப்ளீஸ் பாஸ்’ என்று எழுதி ஒட்டிக்கொண்டு ஓரமாகப் போவது வழக்கமாகவே இருந்தது. நம் ஊரில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டியை யாருக்குத்தான் விரட்ட மனம் வரும்?

எஞ்சினுக்குள் நடப்பதைப் பார்த்தால் மெதுவாகப் போவது பாதிக் கதைதான் என்று தெரியும். சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல வழவழப்பாக இருப்பதில்லை. ஹோனிங் செய்யும்போது குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே போடுகிறார்கள். கீறலின் பள்ளத்தில் எண்ணெய் தங்கும். மேடுகள் பிஸ்டன் ரிங்கோடு உரசித் தேய்ந்து, ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்தும். புதிதாகக் கொத்திய அம்மியில் முதலில் தவிட்டை வைத்து அரைத்துத் தள்ளுகிறோம் அல்லவா, அந்த வேலைதான் இது. குழவியை அழுத்தாமல் சும்மா உருட்டினால் அம்மி பழகாது. எஞ்சினில் அந்த அழுத்தம் ரிங்கின் வில்விசையிலிருந்து வருவது கொஞ்சமே. எரிந்த வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு சேர்த்துத் தள்ளுவதில்தான் பெரும்பங்கு வருகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்த அழுத்தம் கூடும். தடவிக்கொண்டே போனால் ரிங் எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்துகொண்டிருக்கும். அந்த எண்ணெய் சூட்டில் கருகி, வார்னிஷ் அடித்ததுபோல் கீறல்களை மூடிவிட்டால், பிறகு ரிங் பொருந்துவது கடினம். எஞ்சின் எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. அடுக்ககங்களின் கீழ்த்தளத்தில் நிற்கும் டீசல் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. பெரிய ஜெனரேட்டரை வாங்கிவைத்து, நாலு விளக்குக்கும் ஒரு மோட்டாருக்கும் மட்டும் மாதக்கணக்கில் ஓட்டினால், சிலிண்டர் சுவர் பளபளப்பேறி, புகைபோக்கியில் எண்ணெய் கசியும். அதனால்தான் அதன் கொள்ளளவில் முப்பது சதவீதத்துக்கும் குறைவான சுமையில் நெடுநேரம் ஓட்டாதீர்கள் என்கிறார்கள். சிறிய விமானங்களின் பிஸ்டன் எஞ்சின்களில் சொல்வது இன்னும் வெளிப்படை. லைகமிங், கான்டினென்டல் போன்ற எஞ்சின்களைப் புதிதாகப் பொருத்தினால், தரையில் நெடுநேரம் ஓடவிடாமல், முழுத் திறனில் 65 முதல் 75 சதவீதத்தில் பறக்கச் சொல்கிறார்கள். முதல் 50 மணி நேரம், அல்லது எண்ணெய்ச் செலவு ஒரு நிலைக்கு வரும்வரை, சேர்க்கைப் பொருள் அதிகமில்லாத சாதாரண மினரல் ஆயில்தான் ஊற்றுவார்கள். கொஞ்சம் தேய வேண்டும் என்பதுதான் அங்கே நோக்கம். விமான எஞ்சின் காற்றால் குளிர்வது, உலோகமும் இடைவெளியும் வேறு. அந்தக் கணக்கைக் காருக்கு அப்படியே தூக்கி வைக்க முடியாது. ஆனால் ரிங் பொருந்த அழுத்தம் வேண்டும் என்ற அடிப்படை இரண்டுக்கும் ஒன்றே.

அப்படியென்றால் அறுபதைத் தாண்டாமல் ஓட்டிய அம்பாசடர்கள் எப்படி நன்றாக ஓடின? சாலையால்தான். அன்றைய நெடுஞ்சாலை ஒரே தடம். எதிரே லாரி, முன்னால் மாட்டுவண்டி, நடுவில் மூடிய ரயில்வே கேட், ஊருக்கு ஊர் சாலையில் பரப்பிய உளுந்துச் செடி. அறுபதைத் தொட்ட வண்டி அடுத்த இரண்டு கிலோமீட்டருக்குள் இரண்டாம் கியருக்கு இறங்கியாக வேண்டும். பிறகு மிதித்து ஏற வேண்டும். சுமை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. ஓட்டியவர் மெதுவாகப் போனோம் என்று நினைத்தார். பாதி ரன்னிங்-இன்னைச் சாலையே செய்து கொடுத்தது. இன்று அதே அறிவுரையோடு ஒருவர் நாற்கரச் சாலையில் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்புகிறார். ஐந்தாம் கியர், அறுபது, அசையாத கால். சமதளத்தில் அந்த வேகத்துக்கு ஒரு சிறிய காருக்கு 10 குதிரைசக்தி கூடத் தேவைப்படாது. எஞ்சினிலோ 80 இருக்கிறது. ஜெனரேட்டர்காரர் எச்சரித்த நிலைமை அப்படியே வந்துவிடுகிறது, பாதுகாப்பாக ஓட்டுகிறோம் என்ற நிம்மதியோடு. அதைவிட மோசம், காரை வெயில் படாமல் வைத்திருந்து மூன்று கிலோமீட்டர் கடைக்குப் போய் வருவது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் நின்றுவிடும். எரியாத பெட்ரோலும் நீரும் எண்ணெயில் இறங்கும்.

கையேடே மென்மையாக ஓட்டு என்றுதானே சொல்கிறது என்று கேட்கலாம். கையேட்டை முழுதாகப் படிக்க வேண்டும். டொயோட்டா கையேடுகளில் முதல் 1,000 கிலோமீட்டருக்கு மிகை வேகமும் திடீர் முடுக்கலும் வேண்டாம் என்று இருப்பது உண்மை; அதே பட்டியலில், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதே என்றும் இருக்கிறது. நாம் முதல் வரியை மனப்பாடம் செய்துகொண்டு கடைசி வரியை விட்டுவிட்டோம். முதல் 300 கிலோமீட்டருக்குத் திடீர் பிரேக்கைத் தவிர்க்கச் சொல்வதும் உண்டு; பிரேக் பேடும் பழக வேண்டுமே.

எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு குரல்கள் வரும். ஒன்று, இப்போதைய எஞ்சினுக்கு ரன்னிங்-இன்னே வேண்டாம் என்பது. இதில் உண்மை நிறைய உண்டு. மேடுகளின் நுனியைத் தொழிற்சாலையிலேயே தட்டையாக்கும் பிளேட்டோ ஹோனிங் வந்த பிறகு, பெரும்பகுதி வேலை சாவி கைக்கு வருமுன்பே முடிந்துவிடுகிறது. ஆனாலும் முழுதாக முடிவதில்லை. பிஎம்டபிள்யூ தன் எம் வகைக் கார்களை 2,000 கிலோமீட்டரில் ரன்னிங்-இன் சர்வீசுக்கு வரவழைத்து ஆயிலை மாற்றுகிறது. தேவையில்லாத செலவை எந்தத் தொழிற்சாலையும் விரும்பிச் செய்யாது. இன்னொரு குரல், முதல் நாளிலிருந்தே முழு மிதி மிதி என்பது. அது பந்தயத்துக்குச் சரிப்படலாம்; பந்தய எஞ்சினைச் சில ஓட்டங்களுக்குப் பிறகு பிரித்து அடுக்கிவிடுகிறார்கள். நம் கார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும். மேடுகள் இன்னும் கூராக இருக்கையில் சூடு அளவு மீறினால் உலோகம் உலோகத்தோடு ஒட்டிப் பிய்யும். அந்தக் காயம் ஆறாது. நடுவழி சிரமமானதுமில்லை: எஞ்சின் சூடான பிறகு மூன்றாம், நான்காம் கியரில் பாதி மிதியில் 3,000 சுழற்சிக்கு மேல் ஏறவிட்டு, காலை எடுத்து, கியரிலேயே இறங்கவிடுவது. அது இறங்கும்போது சிலிண்டரில் உண்டாகும் வெற்றிடம் சுவருக்குக் கொஞ்சம் எண்ணெயை இழுத்துக் கொடுக்கும்.

இத்தனையும் செய்தால் பலன் கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்பவருக்கு நேர்மையான பதில், பெரும்பாலும் தெரியாது என்பதே. ஒரே எஞ்சினை இரண்டு விதமாகப் பழக்கிப் பார்க்க வழியில்லை. அதனால்தான் அவரவர் வண்டி நன்றாக ஓடியதையே அவரவர் முறைக்குச் சான்றாகக் காட்ட முடிகிறது. பார்க்கக்கூடியது ஒன்றுதான்: டிப்ஸ்டிக். முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் எண்ணெய் மட்டம் சற்றுக் குறைந்து பிறகு நிலைத்தால், ரிங் பொருந்திவிட்டது. ஹைபிரிட் கார்களில் அந்த ஆயிரம் கிலோமீட்டர் கணக்கு இன்னும் சிக்கல். அறுபதில் போகும்போது எஞ்சின் அணைந்தே கிடக்கலாம். எப்போது எரிவது, எவ்வளவு சுமை தாங்குவது என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. மீட்டர் 1,000 காட்டும்போது எஞ்சின் அதில் எவ்வளவு தூரம் உழைத்தது என்று மீட்டரால் சொல்ல முடியாது. ஆனால் அறிவுரை சொல்பவர் அந்தக் காருக்கும் அறுபதைத் தாண்டாதீங்க என்றே சொல்கிறார்.