இன்னார் எனத் தெரியாத கலைஞர்

எங்கள் பாடசாலையின் கணனி அறைக்குப் பொறுப்பாக இருப்பவன் நான். அதற்கு எனக்குத் தகுதி இருந்ததென்று சொல்ல முடியாது. ஆசிரியர் கலாசாலையில் நான் பயின்றது தமிழ். கணனிகள் வந்திறங்கிய நாளில் பயமின்றி அவற்றின் ஆளியைப் போட்டவன் நான் என்பதால் அதிபர் சாவியை என் கையில் தந்துவிட்டார். அன்றிலிருந்து ஊரில் யார் மேசைக் கணனி வாங்கினாலும் ஒரு கேள்வியோடு என் வாசலுக்கு வருவார்கள். “சேர், இதுல பாட்டுக் கேக்க எதப் போடுற?”

ஒரு நிமிடத்தில் பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். அந்தப் பதிலுக்கு வந்து சேர எனக்குப் பத்து வருடங்களுக்கு மேல் சென்றதை யாரிடமும் சொன்னதில்லை.

2009இல் பழைய பென்டியம் 4 கணனி ஒன்றைக் கை மாற்றாக வாங்கினேன். விண்டோஸ் எக்ஸ்பி போட்டிருந்தது. மனைவி அது பிள்ளைகளின் படிப்புக்கு என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். உண்மையான காரணம் அலுமாரியின் மேல் தட்டில் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் இருந்தது: ஏழு கசட்டுகள்.

உம்மா 1988இல் ரியாதுக்கு வீட்டு வேலைக்குப் போனா. எனக்கு அப்போது ஏழு வயது. 1993இல்தான் ஒரேயடியாக வந்து சேர்ந்தா. அந்த ஐந்து வருடங்களில் எங்களுக்கு உம்மா என்றால் கசட்தான். உம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும் வரும், எழுதுவது சிரமம். லீவில் ஊர் வருபவர்களின் கையில் ஒரு கசட் வரும். அதைக் கேட்டு முடித்து, அதன் மேலேயே எங்கள் பேச்சைப் பதிந்து, திரும்பிப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவோம். உம்மாவும் அதையே செய்வா. வளைகுடாவுக்கு ஆள் போன வீடுகளில் இது புதினமில்லை. புதுக் கசட் வாங்கக் காசு வேண்டும். அதனால் ஒரே கசட் கடலைத் தாண்டிப் போய் வரும், ஒருவர் குரலை மற்றவர் குரல் அழித்துக்கொண்டே இருக்கும். இந்த ஏழும் தப்பியது ராத்தாவால். ‘தொலைஞ்சு போச்சு’ என்று வாப்பாவிடம் பொய் சொல்லி, ஒவ்வொன்றாக ஒளித்து வைத்திருக்கிறா.

ரேப் ரெக்கோடரின் காதுக்குழாய்த் துளையிலிருந்து கணனியின் பின்புறம் வரை ஒரு வயர். ஓடசிட்டி என்ற இலவச மென்பொருள் பதிவு செய்யும். அவசரப்படுத்த முடியாத வேலை அது. அறுபது நிமிடக் கசட் கணனிக்குள் போக அறுபது நிமிடங்கள்தான் எடுக்கும். அப்படியே சேமித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 600 மெகாபைட் அளவில் இடம் போய்விடும். எம்பி3 ஆக மாற்றினால் பத்தில் ஒரு பங்கு. கசட்டை ஓடவிட்டுவிட்டு மாலை வகுப்புக்குப் போய்விடுவேன். கூட இருந்து கேட்க மனம் வரவில்லை என்பதும் ஒரு காரணம்.

எல்லாம் முடிந்ததும் விண்டோஸோடு வந்த மீடியா பிளேயரைத் திறந்தேன். கணனியில் இருந்த பாட்டுகளையெல்லாம் அது தானாகவே தேடி எடுத்துத் தன் நூலகத்தில் அடுக்கி வைத்திருந்தது. நாகூர் ஹனிபா ஒரு பக்கம், மனைவி சேர்த்த சினிமாப் பாட்டுகள் ஒரு பக்கம். உம்மாவைத் தேடினேன். அடியில், ‘அன்நோன் ஆர்டிஸ்ட்’ என்ற தலைப்பின் கீழ் இருந்தா. இன்னார் எனத் தெரியாத கலைஞர். அல்பமும் அதேபோல இன்னதெனத் தெரியாதது.

அதில் கோபப்பட ஒன்றுமில்லை. எம்பி3 கோப்புக்குள் பாடியவர் யார், அல்பம் எது என்று எழுத ஒரு சின்ன இடம் இருக்கிறது. நான் அதை நிரப்பவில்லை, அவ்வளவுதான். 1996இல் அந்த முறையை முதலில் கொண்டுவந்தபோது, கோப்பின் கடைசியில் 128 பைட்டுகள் மட்டும் ஒதுக்கினார்கள். தலைப்புக்கு 30 எழுத்து, பாடகருக்கு 30, அல்பத்துக்கு 30. பாட்டின் வகையைக் குறிக்க ஓர் எண். முதல் பட்டியலில் 80 வகைகள். ரொக்கும் ஜாஸும் இருந்தன. பின்னர் வினாம்ப்காரர்கள் அந்தப் பட்டியலை நீட்டியபோதுதான் ‘பேச்சு’ என்று ஒரு வகை சேர்ந்தது. கடிதம் என்று ஒன்று இன்றுவரை இல்லை. உலகத்தில் ஒலி என்றால் பாட்டு, பாட்டென்றால் ஒரு கலைஞர், அவருக்கு ஓர் அல்பம். இந்த மென்பொருள்களைச் செய்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள்.

நான் பாடகர் என்ற இடத்தில் ‘உம்மா’ என்று தமிழில் எழுதினேன். மீடியா பிளேயர் ஒழுங்காகக் காட்டியது. ஆனால் அந்தக் கணனிக்கு அது பாரம். திறக்கச் சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வரலாம். ஐடியூன்ஸ் அதைவிட மோசம். வினாம்ப் அப்படியல்ல, தட்டியதும் நிற்கும். 1997இல் வந்த அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியை நான் கலாசாலைக் காலத்திலிருந்தே அறிவேன். நண்பன் ஒருவன் தந்த இறுவட்டில் இருந்த இரண்டாம் பதிப்பைத்தான் போட்டேன். அதற்குத் தமிழ் தெரியாது. ‘உம்மா’ வரிசையாக நாலு கேள்விக்குறிகளாக வந்தா. உ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று பிரித்து எண்ணிப் பார்த்தேன், ஐந்து வரவேண்டும். பின்பு விசிறிக் காற்றில் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்ப எண்ணினேன், ஐந்துதான் இருந்தது. தமிழ் வாத்தியாரின் புத்தி எங்கே போகும்.

ஆங்கில எழுத்தில் பெயரை மாற்றிக்கொண்டு வினாம்ப்போடு மூன்று வருடங்கள் ஓட்டினேன்.

2012ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள். வீடு நிறையச் சொந்தம். மகள் கணனியில் ஹனிபா பாட்டுகளைப் போட்டுவிட்டிருந்தாள். வினாம்ப்பில் ‘ஷஃபிள்’ என்றொரு பொத்தான் உண்டு. அழுத்தினால் வரிசையைக் கலைத்து, நினைத்ததைப் பாடும். யார் அழுத்தினார்களோ தெரியாது. பிரித்து வைக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டு வைத்திருந்தது என் பிழை. ஒரு பாட்டு முடிந்தது. அடுத்ததாக ஸலாம் சொல்லி ஒரு பெண் பேசத் தொடங்கினா. மூத்த மகள், நடு மகன், சின்னவன் என்று ஒவ்வொருவராக விசாரித்தா. நடு மகன் நான். பிறகு, இந்தப் பெருநாளைக்கும் வரக் கிடைக்காது என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் பேச முடியாமல் அழுதா.

கூடத்தில் இருந்தவர்கள் தட்டைக் கையில் வைத்தபடி நின்றார்கள். உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, “ஆரு மகன் இது பேசுற?” என்று கேட்டா.

தன் குரலைத் தனக்கே தெரியவில்லை. தெரிந்த கணத்தை நான் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “நிப்பாட்டு மகன். ஆக்கள் இருக்காங்க” என்றா. நான் ஓடிப்போய் மவுஸைத் தேடி, அவசரத்தில் ஒலியைக் கூட்டிவிட்டு, கடைசியில் வயரைப் பிடுங்கினேன். உம்மா அதன்பின் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. ராத்தாதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நான் ஒளிச்சு வெச்சது இதுக்காடா?” என்றா.

அன்றிரவு நான் முடிவு செய்தது ஒன்றுதான். பாட்டுக்கு ஒரு மென்பொருள், இந்தக் குரலுக்கு வேறொன்று. பாட்டுக்கு எது என்பதில் எனக்கு அக்கறை போய்விட்டது. வி.எல்.சி. போட்டேன். பாரிசுக்கு அருகில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கியது, வீதியில் வைக்கும் செம்மஞ்சள் கூம்புதான் அடையாளம். எதைக் கொடுத்தாலும் பாடும், காசும் கேட்காது, விளம்பரமும் காட்டாது. ஊரார் கேட்டால் நான் சொல்லும் பதிலும் அதுதான்.

அதில் இன்னொரு வசதியையும் கண்டுகொண்டேன். ஒரு கசட்டில் உம்மாவின் குரல் சின்னப் பிள்ளையின் கீச்சுக் குரல்போல இருக்கும். அங்கே பெற்றரி இறங்கிய ரெக்கோடரில் பதிந்திருக்கிறா. நாடா மெதுவாக ஓடிப் பதிந்ததால் இங்கே வேகமாகக் கேட்கிறது. வி.எல்.சி.யில் வேகத்தைக் குறைக்கலாம். ஆனால் அது கெட்டித்தனமாக, வேகத்தைக் குறைத்தாலும் சுருதியை மாறாமல் காக்கும். கீச்சுக் குரல் ஆறுதலாகப் பேசும், அவ்வளவுதான். அமைப்புகளுக்குள் ஒலிப் பகுதியில் அதற்கென ஒரு சரி அடையாளம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்ததும் குரல் இறங்கி வந்தது. முப்பத்தைந்து வயதில் உம்மா எப்படிப் பேசினா என்பது அன்றுதான் எனக்கு நினைவு வந்தது.

குரலுக்கென்று நான் தெரிவு செய்தது ஃபூபார் 2000. வினாம்ப்பைச் செய்த நிறுவனத்துக்கு முன்னர் வேலை செய்து கொடுத்த பீற்றர் பாவ்லொவ்ஸ்கி என்பவர் 2002இல் தனியாக வெளியிட்டது. பார்க்க ஒன்றுமே இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு வெறும் சாளரம், எங்கள் கல்விக் காரியாலயத்தின் படிவம்போல. ஆனால் தமிழ் தெரியும். இந்த உறையை மட்டும் திற என்றால் அதை மட்டும் திறக்கும். பாதியில் மூடினால், மறுமுறை அதே இடத்தில் தொடங்கச் சொல்லலாம். ‘உம்மா’ என்ற உறையை வைத்துவிட்டு, வினாம்ப்பை அகற்றினேன். அதற்கு அடுத்த வருடம், 2013 நவம்பரில், வினாம்ப்பை மூடப்போவதாக அதன் உரிமையாளர்கள் அறிவித்தார்கள். 2014 தொடக்கத்தில் வேறொரு நிறுவனம் வாங்கிக் கொண்டது. பெருநாளன்று நடந்ததற்குப் பிறகும், அந்தச் செய்தி எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது.

2020 மார்ச் ஊரடங்கில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தோம். ஒரு பின்னேரம் உம்மா என் பக்கத்தில் வந்து நின்று, “மகன், அந்தக் கசட்டெல்லாம் இன்னும் கிடக்கா?” என்று கேட்டா. கதிரை போட்டுக் கொடுத்தேன். கதவைச் சாத்தச் சொன்னா.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம் கேட்டோம். இடையிடையே தன் பேச்சுக்குத் தானே மறுமொழி சொல்லுவா. “பொய், அண்டைக்கு எனக்குக் காய்ச்சல்.” “அந்தச் சங்கிலி காசு அனுப்பவே இல்ல, சும்மா சொன்ன.” நாங்கள் சிறுவர்களாகக் கேட்டபோது நல்ல செய்தியாக இருந்த பலவற்றை உம்மா அப்படித் திருத்தினா.

ஐந்தாவது கசட்டின் இரண்டாம் பக்கம். இருபத்திரண்டாவது நிமிடத்தில் உம்மா ஸலாம் சொல்லி முடித்துவிட்டா. அந்தக் காலத்தில் ஸலாம் கேட்டதும் ரேப்பை நிப்பாட்டிவிடுவோம். நானும் நிறுத்தப் போனேன். சாளரத்தில் இன்னும் ஒன்பது நிமிடம் மிச்சம் காட்டியது. உம்மா ரெக்கோடரை நிறுத்த மறந்து அப்படியே இருந்திருக்கிறா. ரியாதின் ஏதோவோர் அறை, குளிரூட்டியின் இரைச்சல், ஒரு முறை கதவுச் சத்தம். ஒலிக்கேற்ப ஏறி இறங்கும் கோடுகள் திரையில் அடியோடு படுத்துக் கிடந்தன. நாங்கள் இருவரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம். நாலு நிமிடம் இருக்கும். ‘டக்’ என்று ஒரு சத்தம். கோடுகள் துள்ளி எழுந்தன.

வாப்பா.

உம்மாவின் பதிவு முடிந்த இடத்தில், அதற்கு முன்னர் நாங்கள் அனுப்பியதன் வால் அழியாமல் கிடந்திருக்கிறது. “…காசு வந்து சேந்திச்சு. கிணத்தடி முருங்க காய்ச்சிருக்கு. வேற என்ன சொல்லுற. உன்ட உடம்பப் பாத்துக்க.” பின்னால் ஒரு சிறுவன், தானும் பேச வேண்டுமென்று அழுகிறான். நாற்பத்தொரு செக்கன்கள். பிறகு வெறும் நாடா.

வாப்பா 2006இல் மௌத்தானார். அவருடைய குரல் எங்கும் இல்லையென்றுதான் நினைத்திருந்தோம். பதினொரு வருடங்களாக என் கணனிக்குள் இருந்திருக்கிறது.

அடுத்த நாள் நான் அந்த நாற்பத்தொரு செக்கன்களை மட்டும் வெட்டித் தனிக் கோப்பாக்கி, ‘வாப்பா’ என்று பெயரிட்டு, உம்மாவிடம் போட்டுக் காட்டினேன். ஒருமுறை கேட்டா. பிடிக்கவில்லை. முந்திப் போட்டதுபோலப் போடச் சொன்னா.

“அதுல முதல்ல சும்மா இரைச்சல்தானே உம்மா வருது.”

“வரட்டும். அவரு எப்பயும் கொஞ்சம் பொறுத்துத்தான் வாயத் திறப்பாரு.”

எங்கள் கணனி இப்போது வேறு. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபரில் முடிந்ததும் மகன் புதியதொன்றை வாங்கவைத்தான். ஃபூபாரை அதன் அமைப்புகளோடு ஓர் உறைக்குள் வைத்துப் பென் டிரைவில் கொண்டுபோகலாம். அப்படியே கொண்டுபோனேன். மகன் அதைப் பார்த்துச் சிரித்தான். பிறகு உம்மாவின் உறையைத் திறந்து கொஞ்சம் கேட்டுவிட்டு, “வாப்பா, இதுல மௌனத்தைத் தாண்டிப் போற வசதி ஒண்டு இருக்கு. போட்டு விடட்டா? மூத்தம்மா நாலு நிமிசம் சும்மா காத்துட்டு இருக்கத் தேவல்ல” என்றான்.

வேண்டாமென்றேன். ஏனென்று கேட்டான். மூத்தம்மாவிடம் கேள் என்றேன். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அவ வந்து உட்கார்ந்தபோது, அவனும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டான்.