புதுக் காரின் டொக் சத்தமும் நான் வைத்த கையெழுத்தும்



போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இறங்கும்போது ஒரு தம்பி படியில் வைத்து மறித்தார். "சேர், உங்கட கார்ல வந்த சத்தம் என்னாச்சு? என்ட கார்லயும் இப்ப டொக் டொக் எண்டு கேக்குது. கம்பனியில ஒண்ணும் இல்லண்டு சொல்றாங்க" என்றார். நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற கதை இல்லை. இன்னும் இரண்டு மூன்று பேரும் கேட்டிருக்கிறார்கள். அதனால் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 தொடக்கத்தில்தான் திரும்ப விட்டார்கள். அதற்குப் பிறகு அக்குறணையில் எத்தனை புதுக் கார்கள் வந்தன என்று உங்களுக்கே தெரியும். எனக்கும் ஆசை விடவில்லை. பழைய மாருதியை விற்று, கையிருப்பைச் சேர்த்து, மிச்சத்துக்கு லீசிங் போட்டு ஒரு சின்னக் கார் எடுத்தேன். மாருதியில் சத்தம் வராத இடமே இல்லை. ஆனால் அதை ஒருநாளும் நான் கேட்டதில்லை. மாதா மாதம் லீசிங் கட்டுகிற காரில் ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் அது நேரே நெஞ்சில்தான் விழுகிறது.

ஐந்தாவது மாதம், ஆறாயிரம் கிலோமீட்டர் அளவில் சத்தம் தொடங்கியது. ஏ9 பாதையில் போகும்போது ஒன்றும் இல்லை. எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பி, காணுக்கு மேல் போட்ட கொங்கிறீட் மூடியில் இடது சக்கரம் ஏறினால் "டொக்". மனைவியிடம் கேட்டால், "எனக்கு ஒண்ணும் கேக்கல்ல, நீங்க அதையே நெனச்சிக்கொண்டு ஓட்டுறீங்க" என்றார். உம்மாவுக்குக் கேட்டது. சீனிக் கிளினிக்குக்குக் கூட்டிப்போன அன்று, "மகன், சக்கரம் கழண்டிருமோ?" என்று கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு கிளினிக்குக்கு த்ரீவீலில்தான் போனார்.

நான் படிப்பிப்பது விஞ்ஞானம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும் என்று எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சொல்கிறவன். முதலில் டிக்கியைக் காலியாக்கினேன். ஜெக், ஸ்பெயார் வீல், குடை, கதவுப் பையில் கிடந்த தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் வீட்டில் வைத்துவிட்டு ஓடினேன். சத்தம் இருந்தது. பிரேக்கை லேசாக மிதித்தபடி அதே மூடியில் ஏறினேன். சத்தம் நின்றிருந்தால் பிரேக் பேட் ஆடுகிறது என்று நினைக்கலாம். நிற்கவில்லை. காரை நிறுத்தி வைத்து ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பினேன். மேலே ஷொக் அப்சோபர் மவுண்டில் பிழை என்றால் அப்போது கேட்கும் என்பார்கள். கேட்கவில்லை. பிறகு கவனித்ததுதான் முக்கியம். பாடசாலைக்கு முன்னால் உள்ள வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் சத்தம் இல்லை. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் குழியில் விழுந்தால்தான் டொக். இதை ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். மகள் முன் சீட்டில் இருந்து ஒரு வீடியோவும் எடுத்தாள். அதைக் கம்பனியின் வட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டு, கட்டுகஸ்தோட்டை நெரிசலில் கிடந்து, சேர்விஸ் சென்டருக்குப் போனேன். கவுண்டரில் இருந்தது ஒரு இளம் பையன். மரியாதையாகப் பேசினான். காரை எடுத்துக்கொண்டு பிரதான பாதையில் ஒரு சுற்றுப் போய் வந்தான். நல்ல காபெட் பாதை, அதில் எப்படிச் சத்தம் வரும்? பிறகு லிப்ட்டில் உயர்த்திச் சக்கரங்களை ஆட்டிப் பார்த்தார்கள். "நோர்மல் சேர், இந்த மொடலில் இப்படித்தான்" என்றான். காரைக் கழுவித் தந்தார்கள். ஒரு தாளை நீட்டினான். எனக்கோ நான்காம் பாடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தாளில் ஆங்கிலத்தில் இருந்தது இதுதான்: வழக்கத்துக்கு மாறான சத்தம் எதுவும் இல்லை, வாடிக்கையாளருக்குத் திருப்தி. வீட்டுக்கு வந்து வாசித்துத்தான் தெரிந்தது. வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்கிறவனும் நான்தான்.

பிறகு நானும் விட்டுவிட்டேன். மாதப் பரீட்சை, மழை, வேலை. சத்தம் மட்டும் கூடிக்கொண்டே போனது. எட்டாவது மாதம், நானா ஒருவர் சொல்லி அலவத்துகொடைப் பக்கம் ஒரு வயதான சிங்கள பாஸிடம் காட்டினேன். அவர் காரை உயர்த்தவில்லை. ஓட்டியும் பார்க்கவில்லை. கொப்பியில் எழுதியிருந்ததை நான் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டினார். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடிக்கச் சொல்லி, டயருக்குப் பின்னால் கையை விட்டு எதையோ பிடித்து உலுக்கினார். டிக் டிக் என்றது. என் கையையும் பிடித்து அதில் வைத்தார். ஒரு சாண் நீளமான கம்பி, நுனியில் சின்ன உருண்டை மூட்டு. ரப்பர் மூடி கிழிந்து, கிரீஸ் போய், மண் ஏறியிருந்தது.

அதன் பெயர் ஸ்டெபிலைசர் லிங்க். வளைவில் கார் ஒரு பக்கம் சாயாமல் இருக்க முன்னால் இடமிருந்து வலமாக ஒரு இரும்புத் தண்டு போகிறது. அதன் இரண்டு முனையையும் சக்கரத்துப் பக்கத்தோடு இணைப்பது இந்த லிங்க். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் தண்டு சும்மா உருளும், லிங்க்குக்குப் பாரம் இல்லை. ஒரு சக்கரம் மட்டும் ஏறினால் தண்டு முறுகும், தேய்ந்த மூட்டு அடிக்கும். லிப்ட்டில் தூக்கினால் இரண்டு சக்கரமும் ஒரே மாதிரித் தொங்கும். அப்போது இந்த ஆட்டம் தெரியாமல் போகலாம் என்றார் பாஸ். இதனால் சக்கரம் கழராது, பயம் இல்லை, ஆனால் கீழ் ஆமின் போல் ஜொயின்ட் என்றால் ஒரு நாளும் ஓட்டக்கூடாது என்றும் சொன்னார்.

"நீங்களே மாற்றித் தாங்களேன்" என்றேன். மறுத்துவிட்டார். "நட்டில் ஸ்பெனர் வைத்த அடையாளம் விழுந்தால், வெளியே திறந்திருக்கிறீர்கள் என்று வொரண்டியையே வெட்டுவார்கள். அங்கேயே போங்கள்." காசும் வாங்கவில்லை. ஒரு பிளேன்டியோடு சரி.

திரும்பக் கம்பனிக்குப் போனேன். இந்த முறை லிங்க் பிழை என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கார் முழுவதற்கும் உள்ள வொரண்டி வேறு, தேயும் பாகங்களுக்கு உள்ள வொரண்டி வேறாம். லிங்க், புஷ், பிரேக் பேட் எல்லாம் ஆறு மாதம்தான். வொரண்டிப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது. "ஐந்தாம் மாதமே வந்தேனே" என்றேன். அந்தப் பையன் பழைய ஜொப் கார்டை எடுத்து என் கையெழுத்தைக் காட்டினான். அந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்து, சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டேன். அவன் முகம் வாடியது. அவன் என் மாணவர்களைவிட நாலைந்து வயதுதான் கூட.

பாகத்தின் விலை ஒரு டயரின் விலைகூட இல்லை. கட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் நான் பொய் சொல்வதாக அந்தத் தாள் சொல்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. போனை எடுத்து வட்ஸ்அப்பில் மேலே மேலே போனேன். வீடியோ இருந்தது. திகதி இருந்தது. நீல டிக்கும் இருந்தது. மனேஜரிடம் காட்டி, "இது ஆறு மாதத்துக்கு முன்னால் உங்களுக்குக் கிடைத்த முறைப்பாடு. எழுத்தில் பதில் தாருங்கள், நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குக் கொண்டுபோகிறேன்" என்றேன். கோபப்படாமல்தான் சொன்னேன். அந்த அதிகாரசபையின் இலக்கம் 1977, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வொரண்டி முறைப்பாடுகளை எழுத்தில் ஏற்கிறார்கள். இழுத்தடிக்காமல் அனுப்ப வேண்டும்.

மனேஜர் பத்து நிமிடம் உள்ளே போய் வந்தார். "குட்வில்லாகச் செய்து தருகிறோம்" என்றார். குட்வில் என்றால் அவர்கள் பார்த்துத் தருவது. எனக்கு அது வேண்டாம், வொரண்டி என்று எழுதுங்கள் என்றேன். எழுதினார்கள். அதைச் செய்து முடிக்க நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. காரை எடுக்கும் முன் மெக்கானிக்கைப் பக்கத்தில் ஏற்றி, காபெட் பாதையில் இல்லாமல் குழி உள்ள பாதையில் ஓட்டிக் காட்டினேன். சத்தம் இல்லை.

வெளியே வரும்போது அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். என் சிங்களம் அவ்வளவு நல்லதில்லை. அவனுக்கு விளங்கியது. "அந்த வசனம் கம்பியூட்டரில் ஏற்கனவே இருக்கு சேர், நாங்க டைப் பண்றதில்ல" என்றான். ஆகவே தம்பி, சத்தம் இருக்கிறது என்று நீங்கள் சொன்னால் அதை உங்கள் வார்த்தையில், எந்த வேகம், எந்தப் பக்கம், எந்த மாதிரிப் பாதை என்று எழுத வையுங்கள். எழுத மாட்டேன் என்றால் கையெழுத்துக்குப் பக்கத்தில் நீங்களே தமிழில் எழுதிவிட்டு, போனில் ஒரு படம் எடுங்கள்.

இடது பக்கம் மட்டும்தான் மாற்றினார்கள். வலது பக்கத்தையும் மாற்றுங்கள் என்றேன், அதில் பிழை இல்லை என்றார்கள். அதையும் எழுதித் தரச் சொல்லி வாங்கி, டாஷ்போர்ட் லாச்சிக்குள் வைத்திருக்கிறேன். உம்மா இந்தக் கிழமை கிளினிக்குக்குக் காரில்தான் வந்தார், பிடியை இன்னும் விடவில்லை.

தம்பி, இன்ஷா அல்லாஹ் நாளைக்கு மஃரிபுக்குப் பிறகு உங்கட காரைக் கொண்டு வாங்க. எங்கட ஒழுங்கையில அந்தக் காண் மூடி அப்படியேதான் ஈக்குது.