யாரு குடுத்த காரு?

கார் வாங்கின கதையை எழுதப்போகிறேன் என்றதும் தோழர் ஒருவர் சிரித்தார். "லைன் வீட்டப் பத்தி எழுதுங்க டீச்சர், கூலியப் பத்தி எழுதுங்க. காரெல்லாம் நடுத்தர வர்க்கத்துச் சமாச்சாரம்" என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. மழை பெய்தால் ஒழுகுகிற லைன்கள் இன்னும் இருக்கிற மலையில் உட்கார்ந்துகொண்டு டர்போ எஞ்சினைப் பற்றிப் பேசுவது எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் வண்டி நம் சமாச்சாரம் இல்லை என்பதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

வண்டியில் யார் ஏறலாம், யார் ஓட்டலாம், யார் பின்னால் சாய்ந்து உட்காரலாம் என்பதையெல்லாம் இந்த நாட்டில் சாதிதான் முடிவு செய்து வந்திருக்கிறது. 1893-இல் அய்யன்காளி திருவிதாங்கூரில் ஒரு வில்வண்டியை வாங்கி, நம்மவர் நடக்கவே கூடாது என்றிருந்த பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். வண்டியில் போனதே போராட்டமாயிற்று. 1929-இல் அம்பேத்கர், பம்பாய் அரசாங்கம் அமைத்த குழுவின் உறுப்பினராகச் சாலிஸ்காவ் போய் இறங்கினார். அப்போதே அவர் பாரிஸ்டர், டாக்டர் பட்டம் பெற்றவர். குதிரைவண்டிக்காரர்கள் என்ன சொன்னார்கள்? வண்டியை வேண்டுமானால் வாடகைக்குத் தருகிறோம், ஒரு மகரை உட்கார வைத்து நாங்கள் ஓட்டமாட்டோம் என்றார்கள். கடைசியில் ஓட்டிப் பழக்கமே இல்லாத சேரிக்காரர் ஒருவர் ஓட்டினார். பாலத்தில் சக்கரம் சிக்கி, அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது.

நம் காலத்துக்கே வருவோம். 1997-இல் தமிழக அரசு ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தது. அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று தென்மாவட்டங்களில் சாதி இந்துக்கள் கிளம்பினார்கள். கலவரம் நடந்தது. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. எங்கள் மலையில் ஓடின சேரன் பஸ்ஸும் அந்தச் சமயத்தில்தான் பெயரை இழந்தது. ஆகவே தோழரே, வண்டி நம் சமாச்சாரம்தான்.

இனி என் அப்பா. அப்பா பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். அந்த அஞ்சேகால் லட்சத்தில் ஒரு ஆளையும் கூப்பிட்டு "போறியா?" என்று கேட்கவில்லை. தாத்தா குடும்பம் 1974-இல் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கூடலூர் பக்கம் வந்து சேர்ந்தது. எங்களைப் போலத் திரும்பி வந்தவர்களுக்காக அரசு 1968-இல் ஆரம்பித்த தேயிலைத் திட்டம்தான் பின்னால் டான்டீ ஆயிற்று. அப்பாவுக்கு அப்போது பதினாறு வயது. காடு வெட்டினார், கன்று நட்டார், டிராக்டர் ஓட்டப் பழகினார். லைசென்ஸ் எடுத்துக்கொண்டு குன்னூர்ப் பக்கம் ஒரு தனியார் எஸ்டேட்டில் டிரைவராகச் சேர்ந்தார்.

முப்பத்து மூணு வருஷம். கொழுந்து லாரி, ஜீப்பு, அம்பாசடர், கடைசியில் தொரை வீட்டுச் செடான் கார். எல்லாம் ஓட்டினார், ஒன்றும் சொந்தமில்லை. காலையில் பங்களா காரை அவர் கழுவும்போது நான் வாளி பிடித்திருக்கிறேன். அந்தக் காரில் பங்களாப் பிள்ளைகளைக் கான்வென்டில் விட்டுவிட்டு வருவார். நானும் தம்பியும் தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் நடந்து பள்ளிக்கூடம் போவோம். ஒரு நாளும் நாங்கள் அந்தக் காரில் ஏறினதில்லை.

இன்று நான் அரசுப் பள்ளியில் ஆசிரியை. வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருக்கிறார். வீட்டுக் கடன் முடிந்த கையோடு, போன வருஷம் கார் வாங்குவது என்று உட்கார்ந்தோம். எனக்கு என்ன வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. டிக்கி தனியாக இருக்கிற, தாழ்வாக உட்கார்ந்து ரோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற, மேட்டில் மூச்சுத் திணறாமல் இழுக்கிற ஒரு செடான். ஸ்போர்ட்டி என்கிறார்களே, அதுதான்.

சொன்னதும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சித்தப்பா, "ஜீப்பு மாதிரி ஒண்ண வாங்கும்மா, ஏழு பேரு ஏறலாம், சீசன்ல வாடகைக்கு விடலாம்" என்றார். பள்ளியில் ஒருவர், "டீச்சருக்குச் சின்னக் கார் போதுமே" என்றார். பெரியம்மா, "பொம்பளைக்கு எதுக்கு இம்புட்டு வேகம்?" என்று கேட்டது. கவனித்துப் பார்த்தேன். நம் வண்டி என்றால் எதையாவது ஏற்ற வேண்டும், எதையாவது சம்பாதிக்க வேண்டும். ஓட்டுகிறவளுக்குச் சந்தோஷம் தருவதற்காக ஒரு வண்டி என்பது நம் வீட்டுப் பேச்சிலேயே இல்லை. சுமந்தே பழகின ஜனம், வண்டியையும் சுமைக்கென்றே நினைக்கிறது.

ஆசையை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தாலும் மலைக்கு அந்தக் கார்தான் சரி. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஏற ஏறக் காற்று லேசாகும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதம் போல இழுவையை இழக்கும். அதாவது கோவையில் நூறு குதிரை, ஊட்டியில் எண்பதுக்குக் கிட்டேதான். டர்போ எஞ்சின் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவதால் அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பதினாலு கொண்டை ஊசி வளைவுகள். உயரமான வண்டி ஒவ்வொன்றிலும் சாயும், அம்மா ஒவ்வொன்றிலும் வாந்தி எடுக்கும். தாழ்வான செடான் அவ்வளவு சாயாது.

அப்படிப் பார்த்து நாலைந்து கார்களைக் குறித்து வைத்தேன். ஹோண்டா சிட்டி: மென்மையான 1.5 லிட்டர் எஞ்சின், 121 குதிரைத்திறன், ஆனால் டர்போ கிடையாது. ஹூண்டாய் வெர்னாவில் 160 குதிரைத்திறன் டர்போ இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா இரண்டுக்கும் உள்ளே ஒரே எஞ்சின்கள்: 1.0 லிட்டர் டர்போ 115 குதிரைத்திறன், 1.5 லிட்டர் டர்போ 150 குதிரைத்திறன். வெர்னா, விர்டஸ், ஸ்லாவியா மூன்றுமே 2023-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கினவை. பள்ளத்தாக்கை ஒட்டி ஓட்டுகிறவர்கள் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

புதுசா, பழசா? எனக்குப் புதுசுதான் வேண்டும் என்றிருந்தது. காரணம் பழைய காரணம். எங்கள் வீட்டுக்கு வந்ததெல்லாம் பழசுதான். பங்களா அம்மாவின் மகள் போட்டுக் கழித்த ஸ்வெட்டர், முன்பக்கம் கிழிந்த பாடப்புத்தகம், பேப்பர் திணித்துப் போட்ட பெரிய ஷூ, கிறிஸ்துமஸ் முடிந்து மூணு நாள் கழித்து வருகிற கேக். ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போனால் பள்ளியில் "பங்களா ஸ்வெட்டர்" என்பார்கள். ஒரு தடவையாவது பிளாஸ்டிக் உறை பிரிக்காத சீட்டில் உட்கார வேண்டும் என்று ஆசை.

கோவைக்குப் போனோம். ஒரு ஷோரூமில், "டாக்சிக்காங்க சார்?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார்கள். இல்லை என்றோம். "ஊட்டியில எந்தப் பக்கம்? சொந்த எஸ்டேட்டுங்களா?" இல்லை என்றோம். அதற்கப்புறம் நான் கேட்ட காரைக் காட்டாமல் அவர்களிடம் இருந்ததிலேயே சின்னக் காரைக் காட்டினார்கள். அது கிடக்கட்டும், கணக்கு வேறு பயமுறுத்தியது. 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்கு மேல் நீளமான காருக்கு ஜிஎஸ்டி நாற்பது சதம். செஸ்ஸோடு சேர்த்து நாற்பத்தைந்து இருந்ததுக்கு இது குறைவுதான். ஆனால் அதன்மேல் பத்து லட்சத்தைத் தாண்டின காருக்குத் தமிழ்நாட்டில் சாலை வரி பதினெட்டு சதம். காப்பீடும் சேர்ந்தால் ஏழு வருஷக் கடன். பையன் கல்லூரியில் படிக்கிறான், மகள் பிளஸ் டூ.

இந்த நேரத்தில்தான் அப்பாவுக்கு ஒரு போன் வந்தது. அவர் முன்பு கார் ஓட்டின மேனேஜர், ஓய்வு பெற்றுக் குன்னூரிலேயே இருப்பவர். "உம் பொண்ணு கார் தேடுறாளாமே. என் கார எடுத்துக்கச் சொல்லு. வெளிய ஆறு லட்சம் போகும், உனக்கு மூணுக்குத் தர்றேன்" என்றாராம். அது பத்து வருஷத்துச் செடான், அப்பாவே கடைசியாக ஓட்டிய கார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

போனோம். அப்பா செருப்பை வெளியே கழற்றிவிட்டு முற்றத்தில் நின்றார். நான் சர்வீஸ் புத்தகம் கேட்டேன். ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். நாளைக்கு ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவரலாமா என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "உங்கப்பன் கையால ஓட்டுன வண்டி, இதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு? நான் என்ன வியாபாரமா பண்றேன்? பாவம், பழகின குடும்பமாச்சேன்னு குடுக்குறேன். குடுக்குறத வாங்கிட்டுப் போவியா" என்றார். நான் "வேண்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பா என்னோடு சண்டை போட்டார். "அந்த வண்டியில ஒரு நட்டு இளகினாலும் எனக்குத் தெரியும் பாப்பா. மூணு லட்சம் மிச்சம். மானம் சோறு போடுமா?" அவர் கேட்டது சும்மா தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. மூணு லட்சம் மகளுக்கு ரெண்டு வருஷப் படிப்பு. காரும் நல்ல கார்தான். எனக்கு அந்தக் காரின்மேல் ஒரு குறையும் இல்லை.

ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று தெளிந்தது. இத்தனை நாள் என்னைக் குத்தினது பழசு என்பது இல்லை. ஸ்வெட்டரைப் பிரித்துப் பார்த்து, அளவு சரியில்லை, வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க எங்களுக்கு வாய் இல்லை. அதுதான் குத்தினது. 1891 டிசம்பர் 1-ஆம் தேதி இதே ஊட்டியில் அயோத்திதாசப் பண்டிதர் கூட்டின மாநாடு பத்துக் கோரிக்கைகளை வைத்தது. கல்வி, அரசு வேலை, பொதுக்கிணற்றில் தண்ணீர் என்று கேட்டார்கள். எங்களுக்கு மிச்சம் மீதி கொடுங்கள் என்று அதில் ஒன்றும் இல்லை. நூற்று முப்பது வருஷம் கழித்து அதே மலையில் ஒரு காரை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டது ஒரு மனிதருக்கு அவமானமாகத் தோன்றியிருக்கிறது.

ஆகவே பழைய காரே வாங்குவது என்று முடிவு செய்தேன். ஆனால் பார்த்து, தட்டி, ஓட்டி, பேரம் பேசி. நாலு நாள் பேசாமல் இருந்த அப்பாவை, "நீங்க வராம நான் வாங்க மாட்டேன்" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனேன்.

முதல் கார் சென்னைப் பதிவு, பளபளவென்று இருந்தது. அப்பா சீட்டை முன்னால் தள்ளித் தண்டவாளத்தைத் தடவினார், துரு. தரை விரிப்பைத் தூக்கினார், ஓரத்தில் வண்டல். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கும் என்றார். வேண்டாம். இரண்டாவதில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, மூணாவது கியர் போட்டு, மெள்ளக் கிளட்சை விட்டார். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் உடனே அணைந்துவிட வேண்டும். அது உறுமிக்கொண்டே நின்றது. "கிளட்ச் பிளேட்டு போச்சு. பர்லியார் தாண்டாது" என்றார். வேண்டாம்.

மூணாவது, 2022 ஸ்லாவியா. 1.0 டர்போ, கையால் கியர் போடுகிறது, ஒரே கை, 31,000 கிலோமீட்டர். சர்வீஸ் ரசீது எல்லாம் இருந்தது. டயரின் பக்கவாட்டில் இருக்கிற நாலு இலக்கத்தைப் படித்தோம். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். நாலு டயரும் ஒரே வயசு. பங்களா முற்றத்தில் வாய் திறக்காமல் நின்ற மனிதர், இங்கே சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் காருக்கடியில் படுத்தார். கார்க்காரரைப் பார்த்து, "பானெட்ட தூக்குங்க தம்பி" என்றார். பத்தேகால் லட்சம் சொன்னதை ஒன்பது லட்சத்து நாற்பதாயிரத்தில் முடித்ததும் அவர்தான். பேங்க் கடன் தீர்ந்த சான்று, படிவம் 35, பெயர் மாற்றத்துக்கு 29, 30 எல்லாம் வாங்கிக்கொண்டுதான் பணம் கொடுத்தோம். அந்த மலைப்பாதையில் இறங்கும்போது எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும் என்று இன்றைக்கும் பக்கத்துச் சீட்டிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். பின்சீட்டில் உட்காருங்கள் என்றால் கேட்பதில்லை. அங்கே உட்கார்ந்தால் ரோடு தெரியவில்லையாம்.

எஸ்டேட் லைனுக்குக் காரை எடுத்துப் போனோம். பழைய பக்கத்து வீட்டு அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யாரு குடுத்த காரு? தொரை குடுத்தாரா?" என்று கேட்டது. கெட்ட எண்ணத்தில் இல்லை. நம் வீட்டுக்கு ஒரு பொருள் வந்தால் யாராவது கொடுத்துத்தான் வரும் என்பது அந்த அக்காவின் ஐம்பது வருஷ அனுபவம். அப்பா, "எவனும் குடுக்கல, பாத்து வாங்குனது" என்று ஆரம்பித்து, கிளட்ச், டயர் வயசு, சீட்டுத் துரு எல்லாவற்றையும் அரைமணி நேரம் விளக்கினார்.

பங்களா காரை விட்டதில் அவருக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. மூணு லட்சம் மூணு லட்சம்தானே என்கிறார். கடன் தவணை போகிற ஒவ்வொரு அஞ்சாம் தேதியும் எனக்கும் அது ஞாபகம் வருகிறது. ஆனாலும் வேண்டாம் என்று சொன்னதுக்கு நான் கொடுத்த விலை என்று அதைக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன்.