“என்னட்டி, இன்னைக்கு பி.டி. பீரியடா?” - வெள்ளை ஷூவோடு ஒரு சமாதானம்

காலை ஒன்பது மணிக்குச் சென்னை மெட்ரோவில் ஏறினால், ஒருமுறை போனைப் பையில் போட்டுவிட்டு எதிரே நிற்பவர்களின் கால்களை மட்டும் பாருங்கள். கல்லூரி மாணவி, வங்கி ஊழியர், லேப்டாப் பையைக் கட்டிக்கொண்டு நின்றபடியே தூங்குகிறவர், ரிட்டயர் ஆன பிறகும் சட்டையை டக்-இன் செய்துகொண்டு கிளம்பும் பெரியவர்... திரும்பிய பக்கமெல்லாம் வெள்ளை ஷூ. சுடிதாருக்கும் வெள்ளை, ஜீன்ஸுக்கும் வெள்ளை, சில நாள்களில் காட்டன் புடவைக்கும் வெள்ளை.

இந்தக் கூட்டத்துக்கு நடுவே ஆறு வருடம் கறுப்புச் செருப்போடு போய்வந்தாள் ஒரு பெண். வயது 27. கோவில்பட்டி பக்கத்தில் ஒரு கிராமம், வேலை கிண்டியில். அவள் பீரோவில் மஞ்சள், மாம்பழ நிறம், மயில்கழுத்து நிறம் என்று எல்லாம் உண்டு. காலுக்கு என்று வந்தால் மட்டும் கறுப்பு, இல்லாவிட்டால் பிரவுன். “ஒரு வெள்ளை ஷூ வாங்கேன், எல்லாத்துக்கும் செட் ஆகும்” என்று தோழிகள் சொல்லும்போதெல்லாம் அவளிடமிருந்து வரும் ஒரே பதில், “அழுக்காயிடும்ப்பா.”

அது பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் பள்ளிக்கூடப் புதன்கிழமைகளில் இருந்தது.

நம் ஊரில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாரத்தில் ஒருநாள் வெள்ளை யூனிஃபார்ம், வெள்ளை கேன்வாஸ் ஷூ. அவள் பள்ளியில் அது புதன். அக்கா போட்டுக் கழித்த ஷூதான் அவளுக்கு வரும். ஒரு சைஸ் பெரிது என்பதால் முனையில் பேப்பரைச் சுருட்டித் திணித்துக்கொள்ள வேண்டும். செவ்வாய்க்கிழமை இரவு அம்மா தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்து, சமைத்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு ஷூவைத் தேய்க்க உட்காருவார். கையில் காசு இருக்கும் மாதங்களில் ஸ்பாஞ்ச் மூடி வைத்த வெள்ளை பாலிஷ் பாட்டில். இல்லாத மாதங்களில் சாக்பீஸ். ஈரமான கேன்வாஸ் மேல் சாக்பீஸைத் தேய்த்தால் ஒட்டிக்கொள்ளும். காய்ந்ததும் கண்ணைப் பறிக்கும். ஒரே ஒரு குறை, நடந்தால் உதிரும்.

நடக்காமல் முடியாதே! வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் ஒன்றரை கிலோமீட்டர். கோவில்பட்டி வட்டாரம் கரிசல் பூமி. வெயிலில் வெடித்துக் கிடக்கும் அந்த மண், ஒரு மழை பெய்தால் மாவு போலக் குழைந்து காலை விடாமல் பிடித்துக்கொள்ளும். நிறுத்தம் வரை செருப்பில் நடந்து, பஸ்ஸில் ஷூ மாற்றிக்கொள்வது அக்காவின் யோசனை. ஆனால், பஸ்ஸிலிருந்து இறங்கிப் பள்ளிக்குப் போகிற பாதையிலும் அதே மண்தான். பிரேயரில் பி.டி. சார் வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வருவார். அழுக்கு ஷூ எல்லாம் தனி வரிசை. மற்றவர்கள் வகுப்புக்குப் போன பிறகும் அந்த வரிசை மட்டும் வெயிலில் நிற்கும்.

அந்த வரிசையில் கூட நின்றவர்களின் முகங்களை இப்போது யோசித்துப் பார்த்தால் அவளுக்கு ஒன்று பிடிபடுகிறது. பள்ளி வேனில் வந்த பிள்ளைகள் ஒருவர்கூட அதில் கிடையாது. வீட்டு வாசலில் ஏறி, பள்ளி வாசலில் இறங்குகிற காலில் மண் எப்படி ஒட்டும்? சுத்தம் பார்ப்பதாகச் சொல்லி, யார் நடந்து வந்தது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வெள்ளை ஷூவின் பூர்வீகமும் இதற்குப் பொருந்தியே போகிறது. ரப்பர் அடியும் கேன்வாஸ் மேல்பாகமும் கொண்ட ஷூக்கள் 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கடற்கரைக்கும் விளையாட்டுக்கும் என்று வந்தவை. வியர்வைக் கறை அவ்வளவாகத் தெரியாது என்றுதான் டென்னிஸுக்கு வெள்ளை உடையைத் தேர்ந்தெடுத்தார்கள். துவைத்துக் கொடுக்க ஆள் வைத்திருந்தவர்களின் விளையாட்டு, வேறென்ன! விம்பிள்டனில் அந்தப் பிடிவாதம் இன்னும் போகவில்லை. 2013-ல் ரோஜர் ஃபெடரர் ஆரஞ்சு நிற அடிப்பாகம் வைத்த ஷூவோடு ஆடினார். அதை மறுபடி போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த ஆண்டு, ஷூவின் அடிப்பாகமும் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று விதியையே இறுக்கிவிட்டார்கள்.

நம்மிடம் அதைக் கொண்டுவந்து சேர்த்ததில் பாட்டாவுக்குப் பெரிய பங்கு உண்டு. கொல்கத்தா பக்கத்தில் பாட்டாநகர் என்று ஒரு தொழிற்சாலை ஊரையே எழுப்பிய நிறுவனம் அது. இந்தியப் பள்ளிப் பிள்ளைகளின் உடற்பயிற்சி வகுப்புக்காகவே 1936-ல் ஒரு கேன்வாஸ் ஷூவை வடிவமைத்தது. விலை குறைவு, எடை குறைவு, உழைப்பு அதிகம். பல தலைமுறைகள் அதைப் போட்டு ஓடியிருக்கின்றன. ஷூ நல்ல ஷூதான். புல்தரை நிறத்தைக் கரிசல் காட்டுப் பிள்ளைகளுக்கு மாட்டிவிட்டு, அழுக்கானால் வெயிலில் நிற்கச் சொன்னதுதான் கொடுமை.

அவள் கடைசியில் வெள்ளை ஷூ வாங்கியது ஃபேஷன் ஆசையில் இல்லை. குதிகால் வலி. தட்டையான செருப்பைப் போட்டு மெட்ரோ படிகளில் ஏறி இறங்கி, காலையில் எழுந்து முதல் அடி வைத்தாலே சுருக்கென்று குத்தியது. மெத்தென்ற அடிப்பாகம் உள்ள ஷூ போடச் சொன்னார் டாக்டர். ஆடித் தள்ளுபடி நேரம், பாண்டி பஜாரில் ஒரு கடை. கறுப்பில் கேட்டாள். “உங்க சைஸ்ல வெள்ளை மட்டும்தான் மேடம் இருக்கு” என்றார் கடைப் பையன். 1,499 ரூபாய். வலி வேறு. வாங்கிவிட்டாள்.

மறுநாள் கறுப்புக் குர்த்தி, கறுப்பு லெகிங்ஸ், வெள்ளை ஷூ. கண்ணாடியில் பார்த்தால் காலில் டியூப்லைட் கட்டிக்கொண்டது போல் இருந்தது. அன்றிரவு வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினாள். அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “என்னட்டி, இன்னைக்கு பி.டி. பீரியடா?”

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். ஆனாலும், அடுத்த மூன்று நாள் ஷூ பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. நான்காம் நாள் குதிகால் மறுபடி குத்த, வேறு வழியில்லாமல் எடுத்தாள்.

டியூப்லைட் பிரச்னைக்கு வழி சொன்னது பக்கத்து சீட் தோழி. “மேலே எங்கேயாவது இன்னொரு வெள்ளை வை.” இது சும்மா சொன்னதில்லை. இருட்டான உடையில் கண் முதலில் போவது இருப்பதிலேயே வெளிச்சமான இடத்துக்கு. வெள்ளை காலில் மட்டும் இருந்தால் பார்க்கிறவர் கண்ணும் காலிலேயே நின்றுவிடும். வெள்ளைத் துப்பட்டாவோ, குர்த்தியில் வெள்ளைப் பூ அச்சோ, வெள்ளை நூல் எம்ப்ராய்டரியோ மேலே இருந்தால் பார்வை மேலும் கீழும் போய்வரும். ஷூ தனியாகத் துருத்தாது. நமக்கு இதில் ஒரு வசதி, வேறு யாருக்கும் அவ்வளவு சுலபமாக வாய்க்காதது: தலையில் ஒரு முழம் மல்லிகை. இண்டிகோ நீலக் குர்த்தி, வெள்ளை ஷூ, மல்லிகைப்பூ என்று ஒரு வெள்ளிக்கிழமை அலுவலகம் போனாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஷூவை யாரும் குறிப்பிட்டுக் கேட்கவில்லை. “இன்னைக்கு நல்லா இருக்கியே” என்று மட்டும் சொன்னார்கள்.

பேன்ட் எங்கே முடிகிறது என்பதும் முக்கியம். கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே நின்றுவிட்டால் ஷூ அழகாகத் தெரியும். ஷூ மேல் மடிந்து விழுந்தால் இரவல் பேன்ட் போலத்தான் இருக்கும். லெகிங்ஸ் போடுகிறவர்கள் தடித்த அடிப்பாகம் வைத்த ஷூவைத் தவிர்க்கலாம். ஒல்லிக் காலுக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்தது போல் ஆகிவிடும். தூய வெள்ளை கண்ணில் அடிக்கிறது என்றால், காடாத் துணியின் நிறத்தில் ஆஃப்-ஒயிட் கிடைக்கிறது. கைத்தறி காட்டனோடு அது பேசிவைத்தது போல் சேரும், அழுக்கும் உடனே காட்டாது.

கைத்தறிப் புடவைக்கும் தாராளமாகப் போடலாம். கொசுவத்தை இரண்டு விரல் அளவு உயர்த்திக் கட்டினால் ஓரம் லேஸில் மாட்டாது. சரிகை போட்ட பட்டுக்கு வெள்ளை ஸ்னீக்கர் போடுவது இப்போது கல்யாண வீடுகளில் நடக்கிறது. போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறது. நேரில் பார்த்தால், பட்டுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது போலத் தெரிகிறது. ஆண்களுக்குப் பெரிய கவலை இல்லை, நீல ஜீன்ஸும் வெளிர் நிறச் சட்டையும் போதும். வெள்ளை பேன்ட்டுக்கு வெள்ளை ஷூ போடும் முன் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம். 80-களின் இந்தி நடிகர் ஜிதேந்திரா அந்த ஸ்டைலை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துவிட்டார்.

இன்னொன்று, கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் நாள் முழுக்கக் கழற்றி மாட்டுகிற ஊர் இது. லேஸ் ஷூ வாங்கினாலும், கயிற்றை எடுத்துவிட்டு எலாஸ்டிக் லேஸ் கோத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஐப்பசி வந்தது. சென்னையின் மழையும் வந்தது. கிண்டியில் சாலையைக் கடக்கும்போது ஒரு பஸ் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. வலது ஷூ முழுக்கப் பழுப்பு. அலுவலகம் வரை அவளுக்குக் காது சூடாகவே இருந்தது. யாரோ குனிந்து பார்த்துக்கொண்டு வருவது போலவே இருந்தது. லிஃப்ட்டில் டீம் லீடர் நின்றிருந்தார். அவர் ஷூவும் வெள்ளைதான், அதிலும் சேறு. அவர் கவனிக்கக்கூட இல்லை, போனில் எதையோ படித்துக்கொண்டிருந்தார். அன்று முழுவதும் அந்த ஷூவோடுதான் மீட்டிங், சாப்பாடு, டீ எல்லாம். யாரும் அவளைத் தனி வரிசையில் நிறுத்தவில்லை. சாயங்காலத்துக்குள் சேறு காய்ந்து, தட்டியதும் பாதி உதிர்ந்துபோனது.

மிச்சக் கறைக்கு அம்மாவுக்குத்தான் போன். அம்மாவின் முறை இன்றைக்கும் செல்லுபடியாகிறது. லேஸைத் தனியே கழற்றி ஊறவைக்க வேண்டும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டு மெதுவாகத் தேய்க்க வேண்டும். சோப்பு மிச்சமில்லாமல் அலசுவதுதான் முக்கியம். மிச்சமிருந்தால் காயும்போது ஓரத்தில் மஞ்சள் கோடு விழும். கடைசி அலசலில் இரண்டு சொட்டு நீலம். வெள்ளை பழசானால் மஞ்சளாகும், நீலம் அந்த மஞ்சளை அமுக்கிக் கண்ணுக்கு வெள்ளையாகக் காட்டும். வேட்டிக்குப் போடுகிற அதே கணக்குதான். பிறகு வெள்ளை டிஷ்யூ பேப்பரையோ பழைய வேட்டித் துணியையோ ஷூவைச் சுற்றி ஒட்டினாற்போல் வைத்து, நிழலில் காயவிடலாம். ஈரத்தோடு வெளியே வரும் அழுக்கு பேப்பரில் தங்கிவிடும், கேன்வாஸில் தங்காது. பிளீச்சிங் பவுடர் பக்கம் போகவே கூடாது. வெளுக்கும் என்று நினைத்துப் போடுவார்கள், பல துணிகளிலும் ரப்பரிலும் அதுவே மஞ்சளை ஏற்றிவிடும். தோல் மாதிரி இருக்கும் ஸ்னீக்கருக்கு இவ்வளவு பாடு கிடையாது, ஈரத் துணியால் அன்றன்றே துடைத்தால் போதும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு, அவள் மாதம் ஒருமுறைதான் துவைக்கிறாள். அலுவலகத்துக்கு வரும் மற்ற வெள்ளை ஷூக்களையும் இப்போது உற்றுப் பார்க்கிறாள். ஒன்றுகூடக் கடையில் இருப்பது போல் வெள்ளையாக இல்லை. மடிப்பில் கோடு, முனையில் தேய்மானம், ஓரத்தில் லேசான பழுப்பு. போட்டு நடந்தால் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

ஒன்றரை வருடத்தில் இன்னொரு ஜோடி வாங்கினாள். இந்த முறை கடையில் கறுப்பும் இருந்தது. ஆஃப்-ஒயிட்டைக் கேட்டு வாங்கினாள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பழையதைப் பையில் போட்டுக்கொண்டாள். அம்மாவுக்குச் சர்க்கரை. தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், அதுவும் வெறுங்காலில் கூடாது என்று கண்டிப்பாக. அம்மாவுக்கும் அவளுக்கும் ஒரே சைஸ்.

“எம்மா, போட்டுப் பாரு.”

“சேலைக்கு ஷூவா? ஊரே சிரிக்கும்.”

“சிரிச்சா சிரிக்கட்டும். குதிகால் வலிக்காது பாரு.”

இரண்டு நாள் திண்ணையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் விடிகாலையில், யாரும் எழுந்திருக்கும் முன் அம்மா அதைப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை போய்த் திரும்பினார். திரும்பி வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “இதுக்குச் சாக்ஸ் எங்கட்டி?” வெள்ளை சாக்ஸாகவே வாங்கிக் கொடுத்தாள். சர்க்கரை இருப்பவர்களுக்கு வெளிர் நிறம்தான் நல்லது. காலில் வலி தெரியாமல் காயம் பட்டாலும், கறை உடனே கண்ணில் படும்.

இப்போது அம்மா தினமும் அதே ஒன்றரை கிலோமீட்டர் போய்வருகிறார். மழைக்கு மறுநாள் கரிசல் மண் ஷூவின் பாதி உயரத்துக்கு அப்பியிருக்கும். வந்ததும் வாசல் படியில் இரண்டு தட்டுத் தட்டி, அப்படியே ஓரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விடுகிறார்.