அரங்கேறும் நாள் வரை

தலைவன் குறித்துச் சென்ற பருவம் வரும்வரை ஆற்றியிருத்தலை முல்லைத் திணையின் உரிப்பொருளாக வைத்தனர் நம் முன்னோர். அகப்பொருளைப் பல்லாண்டுகளாக வகுப்பறையில் நடத்திவரும் நமக்கு, கணிப்பொறி உலகிலும் அத்தகைய இருத்தல் ஒன்று உண்டு என்பது சற்றுப் பிற்பட்டே புலனாயிற்று. லினக்சு என்பது 1991ஆம் ஆண்டில் லினசு தோர்வால்ட்சு என்னும் பின்லாந்து நாட்டு மாணவர் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். அதனுடன் எழுதவும் படிக்கவும் கணக்கிடவும் உதவும் பிற மென்பொருள்களையும் சேர்த்துத் தொகுத்தளிப்பதனை 'வழங்கல்' என்பர். தாம் பயன்படுத்தும் வழங்கலின் அடுத்த நீண்டகாலப் பதிப்பு எப்போது வருமென எதிர்நோக்கியிருப்போர் உலகெங்கும் உளர். நாமும் அவர்களுள் ஒருவராக இருந்து வருகிறோம்.

இக்காத்திருப்பு இருவகைப்படும். முதலாவது, பருவம் குறித்த காத்திருப்பு. 2004 அக்டோபரில் முதன்முதலாக வெளிவந்த உபுண்டு என்னும் வழங்கல், இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரல் திங்களில் நீண்டகாலப் பதிப்பை அளிப்பது என்னும் வழக்கத்தை மேற்கொண்டது. ஆயினும் அதன் முதல் நீண்டகாலப் பதிப்பே குறித்த நாளில் வரவில்லை. 2006 ஏப்ரலில் வரவேண்டியது ஆறு வாரம் தாழ்ந்து சூன் முதல் நாள் வெளிவந்தது. இன்னும் செப்பம் செய்ய வேண்டியுள்ளது என்பதை முன்கூட்டியே அறிவித்துத் தாழ்த்தினர். கார் வந்தும் தலைவன் வாராமை கண்டு வருந்தும் தலைவியிடம், 'இது பருவம் அன்று' எனத் தோழி ஆற்றுவிக்கும் துறை நம் நினைவுக்கு வருகின்றது.

இரண்டாவது, பருவம் குறியாத காத்திருப்பு. அதுவே நமக்கு வாய்த்தது. 1993 ஆகத்து 16ஆம் நாள் இயன் மர்டாக் என்பவர் டெபியன் என்னும் வழங்கலைத் தொடங்குவதாக அறிவித்தார். டெப்ரா என்னும் தம் காதலியின் பெயரையும் இயன் என்னும் தம் பெயரையும் இணைத்து அப்பெயரிட்டார். எப்போது வெளியாகும் என வினவுவோர்க்கு டெபியன் அன்பர் நெடுங்காலமாக அளித்துவரும் விடை, 'ஆயத்தமானதும் வரும்' என்பதே. 2002 சூலையில் ஒரு பதிப்பைக் கண்டவர், அடுத்ததைக் காண 2005 சூன் வரை ஏறத்தாழ மூன்றாண்டுகள் பொறுத்திருக்க நேர்ந்தது. அதன்பின் இடைவெளி ஏறத்தாழ இரண்டாண்டு என்னும் அளவில் அமைந்தது. 12ஆம் பதிப்பு 2023 சூனிலும், 13ஆம் பதிப்பு 2025 ஆகத்து 9ஆம் நாளிலும் வெளிவந்தன.

இத்துணைக் காலம் என்ன செய்கின்றனர் என்று மாணவர் வினவலாம். புதிதாக வரும் மென்பொருள் ஒவ்வொன்றும் முதலில் 'நிலையற்றது' என்னும் பகுதியை அடையும். அங்குச் சில நாள் தங்கி, பெருங்குறை ஏதும் வெளிப்படாதாயின் 'சோதனை' என்னும் பகுதிக்கு ஏறும். பின்னர் ஒரு கட்டத்தில் புதியன புகாவண்ணம் கதவடைத்து, உள்ளவற்றின் பிழைகளை மட்டும் களைவர். 13ஆம் பதிப்பில் அடங்கிய மென்பொருள் தொகுதிகள் 69,830. இவற்றைச் செப்பம் செய்வோர் பல நாடுகளில் வாழும் தன்னார்வலர். அறிஞர் அவையில் தடை எழுப்பி விடை பெற்று நூல் அரங்கேறிய நம் மரபுக்கும் இதற்கும் பெரிதும் வேற்றுமை இல்லை.

நம்மை மிகவும் கவர்ந்தது வேறொன்று. குறைகளை மறைப்பதில்லை என்பதனை 1997ஆம் ஆண்டிலேயே தம் சமுதாய ஒப்பந்தத்தில் டெபியன் குழுவினர் எழுதி வைத்தனர். கண்டறியப்படும் பிழைகளை எவரும் காணுமாறு பொதுவில் வைக்கின்றனர். கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரமிருக்கக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அந்த ஈரத்தை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வணிகரைக் கடிந்த நிகழ்ச்சியை நம் பெரியோர்கள் நன்கறிவர். விலையின்றிக் கொடுக்கும் பொருளிலும் அவ்வொழுக்கம் பேணப்படுவது போற்றத்தக்கது.

எனினும், காத்திருந்தோர் அனைவர்க்கும் வந்தது ஒரே பயனைத் தந்தது எனக் கூறவியலாது. 1970 சனவரி முதல் நாள் தொடங்கி நொடிகளை எண்ணிக் காலத்தை அறிவது இத்தகைய கணிப்பொறிகளின் இயல்பு. 32 பிட்டு அளவில் அவ்வெண்ணிக்கையை வைத்திருந்தால் 2038 சனவரி 19ஆம் நாள் அது நிரம்பிவிடும். அதன்பின் காட்டும் நாள் 1901ஆம் ஆண்டுக்குப் பின்னோக்கிச் செல்லும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் எஞ்சியிருக்கும்போதே 13ஆம் பதிப்பில் இதற்குப் பெருமளவு தீர்வு கண்டனர். அதே பதிப்பில், பழைய 32 பிட்டுத் தனிக்கணிப்பொறிகளில் புதிதாக நிறுவும் வசதியை நிறுத்திக்கொண்டனர். நம் துறையில் முன்னாள் மாணவர் ஒருவர் அன்பளித்த அத்தகைய பொறிகள் இரண்டு உள்ளன. ஆய்வேடுகள் பல அவற்றில்தான் உருப்பெற்றன. ஆவலோடு எதிர்நோக்கிய பதிப்பில் அவ்விரண்டிற்கும் இடமில்லை என அறிந்தபோது வருத்தமே மேலிட்டது. ஆனால் இம்முடிவும் மறைவாக எடுக்கப்பட்டதன்று. 12ஆம் பதிப்பிற்கு 2028 சூன் வரை நீண்டகால ஆதரவு உண்டென அறிவித்துள்ளனர். மாற்றுப் பொறி தேடவும், ஆய்வேடுகளைப் படியெடுத்துக் காக்கவும் நமக்குக் கால அவகாசம் கிடைத்துள்ளது. ஒவ்வொரு பதிப்பிற்கும் மூன்றாண்டு முழு ஆதரவும் அதன்மேல் ஈராண்டு நீண்டகால ஆதரவும் என ஐந்தாண்டுகள் வாய்க்கின்றன. முனைவர் பட்டத்திற்குப் பதிவு செய்யும் மாணவர் ஒருவர், இடையில் பொறியின் போக்கு மாறுமோ என அஞ்சாது ஆய்வை முடிக்க அது போதும்.

இனி வரவிருக்கும் 14ஆம் பதிப்பிற்கு 'ஃபோர்க்கி' என்று பெயர். பொம்மைகளைப் பற்றிய திரைப்படமொன்றில், குப்பைக்குச் செல்லவேண்டிய கரண்டியைக் கொண்டு ஒரு சிறுமி செய்த பொம்மையின் பெயர் அது. அதற்காகக் காத்திருக்கும் மாணவச் செல்வங்களுக்கு நாம் கூற விரும்புவது ஒன்றுண்டு. பொறுமை என்பது கைகட்டி அமர்ந்திருத்தலன்று. டெபியனை நிறுவும் நிரல் தமிழிலும் பேசுகின்றது. அந்தத் தமிழ், ஊதியம் கருதாத சிலரின் உழைப்பு. பதிப்புதோறும் புதிய தொடர்கள் வரும்; அவற்றைத் தமிழாக்க ஆள் வேண்டும். ஒற்று மிகுமிடமும் மிகாவிடமும் அறிந்தவர் நம் துறையில் நிறையவே உளர். கணிப்பொறித் துறை மாணவர் ஒருவரும் தமிழ்த்துறை மாணவர் ஒருவரும் இணைந்து ஒரு மாலைப்பொழுது அமர்ந்தால் சில தொடர்களையேனும் திருத்திவிடலாம். அப்பணியை இவ்வாண்டே தொடங்குமாறு வேண்டுகிறோம். இறைவன் துணை நிற்பானாக.