பஸ்ஸிலும் காலிலும் மலையகம்

மலையகத் தமிழரின் முன்னோர் இந்த மலைகளுக்கு நடந்துதான் வந்தார்கள். 1820களில் தொடங்கி, கோப்பித் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்தவர்கள், அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அந்த இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபவனி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையைச் சென்றடைந்தது.

எம்மில் பலருக்கு, குறிப்பாக வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டக் குடியேற்றக் கிராமங்களில் வாழ்பவர்களுக்கு, இது அயலார் கதையல்ல. 1977இலும் 1983இலும் நடந்த இனவன்செயல்களின்போது தோட்டங்களை விட்டு ஓடிய குடும்பங்கள் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தன. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறகு போரையும் முகாமையும் கண்டார்கள். அம்மா பிறந்த லயத்தை ஒருமுறையேனும் காணாமல் வளர்ந்த பெண்கள் எத்தனையோ பேர். வான் பிடித்துச் சுற்றுலாப் போனால்தான் மலையகத்தைப் பார்க்கலாம் என்று எண்ணியே பலர் போகாமல் இருக்கின்றோம். பஸ்ஸுக்குக் காசும் வழுக்காத ஒரு சோடிச் செருப்பும் இருந்தால் போதும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதத்தில் நாங்கள் நான்கு பெண்கள் வவுனியாவிலிருந்து அப்படித்தான் புறப்பட்டோம். கண்டி வரை ஒரு பஸ். கண்டியிலிருந்து நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக ஹட்டனுக்கு இன்னொன்று. வளைவுகளில் வயிறு புரட்டும், காது அடைக்கும். முகர்வதற்கு ஒரு தேசிக்காயைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புகையிரதத்தில் போனால் அந்த அவதி இல்லை. 1884இல் ஹட்டனுக்கும் அடுத்த ஆண்டு நானுஓயாவுக்கும் வந்த பாதை அது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் உள்ள சிங்கமலைச் சுரங்கம்தான் நீண்ட காலமாக இந்நாட்டுப் புகையிரதச் சுரங்கங்களில் மிக நீளமானதாக இருந்தது. அரைக் கிலோமீற்றருக்கும் சற்றுக் கூட. ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது மலையகப் பாதை பல இடங்களில் மண்சரிந்து சேதமடைந்தது. ஆகவே, புகையிரதம் எதுவரை ஓடுகிறது என்பதை நிலையத்தில் கேட்டறிந்த பின்பே புறப்படுங்கள்.

ஹட்டனில் இறங்கி மஸ்கெலியா பஸ்ஸில் ஏறினோம். எங்களில் ஒருத்தியின் தாயார் 1977இல் கைக்குழந்தையோடு வன்னிக்கு வந்தவர். அவர் சொல்லிக் கொடுத்த தோட்டத்துப் பெயர் மட்டுமே இவளிடம் இருந்தது. அந்தப் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. காரணம் இதுதான்: வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களைத் தோட்டங்களுக்கு வைத்தார்கள், தொழிலாளர் தங்கள் வாய்க்கு வந்த பெயரை வைத்துக்கொண்டார்கள். பலகையில் டல்ஹவுஸி என்றிருக்கும் இடம் சனங்களுக்கு நல்லதண்ணி. சொந்தம் தேடிப் போகிறவர்கள் இரண்டு பெயரையும் விசாரித்து வைத்திருப்பது நல்லது.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த வயதான அம்மாவிடம் கேட்டோம். "அது கீழ் டிவிசன் தாயி. லயமெல்லாம் இடிஞ்சு போச்சு. கோயிலும் பீலியும் மட்டும் இருக்கு" என்றார். எங்கே இறங்க வேண்டும் என்று கொண்டக்டரிடம் அவரே சொல்லிவிட்டார்.

அங்கே இறங்கித் தோட்டப் பாதையில் நடந்தோம். இரு பக்கமும் தேயிலை. கொழுந்து எடுக்கும் பெண்கள் மலைச்சரிவில் வரிசையாக நின்றார்கள். எங்களுக்குப் பாதையில் ஏறவே மூச்சு வாங்கியது. அவர்களோ நிறைந்த கூடையோடு பாதையில்லாத சரிவில் ஏறி இறங்கினார்கள், மழையில் அட்டைக்கடியோடும் அதே வேலைதான். இந்த உழைப்புக்கு நாளொன்றுக்கு 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வருவதற்கே 2021 வரை போராட வேண்டியிருந்தது. அவர்களைப் படம் எடுக்க விரும்பினால் முதலில் கேளுங்கள். கேட்காமல் எடுத்துக்கொண்டு போகிறவர்களைக் கண்டு அவர்கள் சலித்துப்போயிருக்கிறார்கள்.

பீலி ஓடிக்கொண்டிருந்தது. தோழி முகம் கழுவினாள், தாய்க்கென்று ஒரு போத்தலில் நிரப்பிக்கொண்டாள். நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில் மவுசாகலை நீர்த்தேக்கம் இருக்கின்றது. மின்சாரத்துக்காக 1969இல் அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. ஊரை மேட்டுக்கு மாற்றினார்கள். கோடையில் நீர் வற்றும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும், சனங்கள் இறங்கிப் போய்ப் பார்ப்பார்கள். இடம்பெயர்ந்த ஊரொன்றை இப்படியும் காணலாம் என்று எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை ஏறுவது தனியே வரும் பெண்களுக்கும் ஏற்ற நடை என்பேன். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசி வெசாக் வரை பருவகாலம். இரவு முழுவதும் வெளிச்சமும் தேநீர்க் கடைகளும் சனக்கூட்டமும் இருக்கும். ஏறக்குறைய 5,500 படிகள். ஆறுதலாக ஏறினால் நான்கு மணித்தியாலம். உச்சி 2,243 மீற்றர். பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவரும் தத்தம் நம்பிக்கையோடு ஏறும் மலை இது. எத்தனையாவது தடவை ஏறுகிறோமோ அத்தனை முறை உச்சியில் உள்ள மணியை அடிப்பது வழக்கம். நாங்கள் ஒருமுறை அடித்தோம். பின்னால் வந்த ஒரு சிங்கள ஆச்சி அடித்த மணி நிற்கவே இல்லை. மேலே குளிர் கடுமையாக இருக்கும். காதை மூடும் துணி கட்டாயம் வேண்டும். முழங்கால் நோகும் என்பதை இறங்கும்போதுதான் அறிவீர்கள்.

மலையின் கூம்பு வடிவத்தைப் பார்த்து, "இது எரிமலையாக இருந்ததோ?" என்று ஒருத்தி கேட்டாள். இல்லை. இலங்கையில் எரிமலையே கிடையாது. இந்தியாவின் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பரவி இறுகிய பாறை உண்டு; மும்பையிலிருந்து புனே போகும் வழியில் படிப்படியாகத் தெரிவது அதுதான். மலையகத்துப் பாறை வேறு விதம். பூமியின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து உருமாற்றிய கல் இது. வயது ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல். மேலே கிடந்ததையெல்லாம் மழையும் காற்றும் அரித்துக்கொண்டு போக, எஞ்சி நிற்பதே இம்மலைகள்.

இதை அறிந்து வைத்திருப்பது அங்கு வாழ்பவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. உறுதியான பாறையின்மேல், உக்கிப்போன கல்லும் மண்ணும் போர்வைபோல் கிடக்கின்றன. கடும் மழை நீர் உள்ளே இறங்கி மண் ஊறினால் அந்தப் போர்வை அப்படியே வழுக்கி வரும். காடு இருந்தபோது ஆழமாகப் பிடித்திருந்த வேர்கள் இன்று இல்லை. நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் உடனே வெளியேற வேண்டும். ஆனால் வெளியேறி எங்கே போவது? லயத்தில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு மாறிப்போக ஒரு துண்டுக் காணி இல்லை. 2014இல் மீரியபெத்தையிலும் மண்சரிவு லயங்களையே மூடியது. மழை நாட்களில் இந்தப் பயணத்தை ஒத்திவையுங்கள்.

மலை ஏற முடியாதவர்கள் ஹட்டனிலிருந்து நுவரெலியா பஸ்ஸில் போகலாம். தலவாக்கலையை நெருங்கும்போது டெவன், சென் கிளயார் என்ற இரண்டு நீர்வீழ்ச்சிகளையும் வீதியோரத்தில் நின்றே பார்க்கலாம். மேல் கொத்மலை மின்திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியபின் சென் கிளயாருக்கு வரும் நீர் குறைந்துவிட்டது. இருந்தாலும் நின்று பார்க்கலாம். வீதியோரக் கடைகளில் சுடச்சுட ரொட்டியும் கட்டச்சம்பலும் கிடைக்கும். இருட்டுவதற்குள் பஸ் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். பொழுது பட்டபின் உள் தோட்டங்களுக்கான பஸ் குறைவு. வேலை முடிந்து வரும் பெண்களால் கடைசி பஸ் நிறைந்திருக்கும்.