கட்டியகாரன் வருகிறான்

கதையொன்றின் வாயிலிலே முதலில் நிற்க வேண்டியவர் யார்? கதாநாயகரா, அன்றிக் கதையைச் சொல்பவரா? மட்டக்களப்பு மக்களாகிய நமக்கு இவ்வினாவின் விடை கூத்துக் களரியிலே கிடைக்கின்றது.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இவ்விரு கரைகளிலும் வடமோடி, தென்மோடி என்னும் இருவகைக் கூத்துகளும் இன்றும் ஆடப்பட்டு வருகின்றன. வட்டக் களரியைச் சுற்றி ஊரே அமர்ந்திருக்கும். அண்ணாவியாரின் மத்தளம் முழங்கும், சல்லரி ஒலிக்கும். காப்புப் பாடியதும் அரசன் வந்துவிடுவதில்லை. அவனுக்கு முன்னே கட்டியகாரன் வருகிறான். சபையை அமைதி காக்கச் சொல்லி, அரசர் கொலுவுக்கு எழுந்தருளும் செய்தியை அறிவிக்கிறான்.

அவன் யாரிடம் அறிவிக்கிறான்? கதையிலுள்ள அரசவையாரிடமா, பாயிலே குந்தியிருக்கும் நம்மிடமா? இருசாராரிடமுந்தான். அந்தக் கணத்திலே உழவரும் மீனவரும் அரசவையோராகி விடுகின்றனர். செய்தி சொல்வது மட்டுமன்று, கேட்போருக்குக் கதையினுள்ளே ஓர் இடம் அளிப்பதும் கதைசொல்லியின் கடமை என்பதை இங்கே காண்கிறோம்.

இனி, முடிவை மறைத்தால்தான் ஆவல் பிறக்கும் என்பர் சிலர். கர்ணன் களத்திலே மடிவான் என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். எனினும் விடியும்வரை எவரும் எழுந்து போவதில்லை. சிலப்பதிகாரத்தின் பதிகமும் கோவலன் கொலையுண்டதை நூலின் முகப்பிலேயே கூறிவிடுகின்றது. "என்ன நடக்கும்?" என்ற கேள்வி நீங்கியபின்னரே "எவ்வாறு நடந்தது? ஏன் நடந்தது?" என்று உள்ளம் ஆழ்ந்து கேட்கத் தொடங்குகின்றது.

1962ஆம் ஆண்டிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மேடையேற்றினார். விடியவிடிய ஆடும் கூத்து, நகர மேடைக்கேற்பச் சுருங்கியது. படித்தோரிடையே அதன் மதிப்போ பெருகியது. ஆனால், சுருக்குவோர் ஒன்றை மறத்தலாகாது. நேரங் கருதி எதை நீக்கலாம் என்று தேடுங்கால் கட்டியகாரன்மீதே முதலில் கண் செல்லும். வட்டக் களரியிலே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருந்த மக்கள், நகர மண்டபத்திலே இருளில் தனித்தனியே அமர்கின்றனர். அவர்களை ஒரு சபையாகக் கூட்டுவதற்கு அவன் அழைப்பு முன்னையிலும் இன்றியமையாததன்றோ?

கதை எழுத முனையும் மாணவர்களுக்கும் இது பொருந்தும். முதல் வாக்கியத்திலே வியப்பை ஊட்டுவது எளிது. யாரை அழைக்கிறோம், அவரை எங்கே அமர்த்துகிறோம் என்று எண்ணித் தொடங்குவதே அரிது. அவ்வாறு தொடங்கிய கதையை விட்டுக் கேட்போர் எளிதில் எழுந்து செல்லார்.